பிளாஸ்டிக் மாவிலையில் ஒரு பச்சோந்தி

அவர் கதவைத் தட்டினால் எதையோ உடைத்திருக்கிறார், அல்லது கொட்டியிருக்கிறார் என்று அர்த்தம். உறைமோர் கேட்டோ, கொலுவுக்கு அழைக்கவோ, பொழுது போகாமல் பேசவோ அவர் மாடியிலிருந்து இறங்கி வந்ததாக எனக்கு நினைவில்லை. "நான் என்ன பண்ணிப்போட்டேன் தெரியுங்களா?" என்றுதான் தொடங்குவார். அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கமும் இருக்காது, பயமும் இருக்காது. மணி என்ன என்று சொல்வது போலச் சொல்வார்.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில், இரண்டு மாடி அபார்ட்மெண்ட் ஒன்றில் கீழ்வீட்டில் நாங்கள் மூன்று சமையல்காரர்கள் இருந்தோம். மூன்று பேரும் ஒரே இந்தியன் ரெஸ்டாரண்டில் வேலை. காலை பத்துக்குப் போனால் மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு விடுவார்கள். மறுபடி ஐந்துக்குப் போக வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் எங்கள் பகல். அந்த நேரத்தில்தான் முதல் தடவை கதவு தட்டப்பட்டது. நான் போலீஸ் என்று நினைத்தேன். எனக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

திறந்தால் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றார்.

"ஏனுங்ணா, வெளிய இருக்கற கருவேப்பிலைச் செடி ரெண்டும் உங்குளுதுங்களா?"

"ஆமாக்கா."

"நான் என்ன பண்ணிப்போட்டேன் தெரியுங்களா? மேல பால்கனி கழுவுனேனுங்க. சோப்புத்தண்ணி பூராவும் அதும்மேல ஊத்திப்போச்சு. செத்துகித்துப் போச்சுன்னா நாந்தான் காரணம்னு வெச்சுக்குங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் செடியை எடுத்து உதறி வைத்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒருவர் படியிறங்கி வந்து இதைச் சொல்லிவிட்டுப் போகிறாரே என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எங்களில் மூத்தவரான மாஸ்டர் சோபாவில் படுத்தபடியே, "லூசாயிருக்கும்டா" என்றார்.

அந்த மாடிவீட்டுப் பெண் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராகத்தான் இருப்பார். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். கடைசி வரை அப்படியே ஓடிவிட்டதால் அவர் பெயரைக் கேட்கவே இல்லை. தபால் பெட்டியில் அவர் கணவர் பெயர் இருந்தது. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம்.

என் கதையையும் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். நான் தூத்துக்குடிக்காரன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டிக் குழாயை உடைத்துவிட்டு, அடிக்குப் பயந்து திரும்பப் போகவில்லை. பம்பாயில் ஒரு ஓட்டலில் கிரைண்டர் கல் என் கையில் உடைந்தது, அன்று சாயங்காலமே ரயிலேறினேன். பிறகு சரக்குக் கப்பல் அடுப்படி, அதிலிருந்து நியூ ஜெர்சி, அங்கிருந்து கலிபோர்னியா. அங்கே ஃப்ரீமாண்ட் ஊரில் ஒரு சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டு சுவர் கருகியது. அடுப்பை அணைக்காமல் விட்டது யார் என்று முதலாளி கேட்பதற்குள் நான் டெக்சாஸ் பஸ்ஸில் இருந்தேன். கணக்குப் பார்த்தால், நான் விட்டு வந்த ஒவ்வொரு ஊரிலும் உடைந்த பொருள் ஒன்று இருக்கிறது. என் பையை நான் எப்போதும் முழுதாகப் பிரித்து வைத்ததில்லை. கட்டிலுக்கு அடியில் பாதி கட்டினபடியே கிடக்கும்.

மாடிவீட்டு அக்காவுக்கோ மறைக்க வேண்டிய விஷயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு தீபாவளிக்குத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு ஹாலில் கூடியிருந்தார்கள். சமையல் எங்களுடையது. நான் வடை போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் கேட்டது. "மூணாவது தடவையும் ஃபெயிலுங்க. ஸ்டாப் சைன்ல நிக்காம வுட்டுப்போட்டேன்" என்று டிரைவிங் டெஸ்ட்டைப் பற்றிப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தங்களுக்கே லைசென்ஸ் போனது போலத் தட்டைப் பார்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். "அவருக்கும் ப்ராஜெக்ட் முடிஞ்சுபோச்சுங்க. ரெண்டு மாசமா வேல இல்லாம பெஞ்ச்லதான் இருக்கறாரு" என்றும் சொல்லிவிட்டார். ஐந்தடி தள்ளி நின்ற அவர் கணவர், கையிலிருந்த ஜாமூனைக் கிண்ணத்தோடு கீழே வைத்தார். பார்க்கிங்கில் அவர் பேசியது சமையலறை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"உன்ர தப்பச் சொல்லு, வேண்டாங்கல. என்ர பொழப்ப எதுக்குடி மைக் போட்டுச் சொல்ற?"

"நான் தப்புன்னு சொல்லலீங்களே. பெஞ்ச்ல இருக்கறது தப்புங்களா?"

கார்க் கதவைச் சாத்தும் சத்தம்தான் வந்தது. ஆனால் அன்றைக்கப்புறம் கணவரைப் பற்றி அவர் வெளியில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம் கணவருக்கு ஒஹையோவில் வேலை கிடைத்தது. மாதம் இரண்டு தடவை விமானத்தில் வருவார். வீட்டில் அக்காவும் எட்டு வயது மகள் நித்யாவும். அந்தப் பெண் மஞ்சள் பஸ்ஸிலிருந்து இறங்கி, படியேறி, டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். "இஸ்கோல்ல என்ன கண்ணு நடந்துச்சு?" என்றால் "நத்திங்." "சாப்பாடு எப்பிடி இருந்துச்சு?" என்றால் "ஃபைன்." இந்த இரண்டு வார்த்தைக்குள் அம்மாவும் மகளும் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

நித்யாவுக்கு நாய் வேண்டும். அபார்ட்மெண்ட் ஒப்பந்தத்தில் நாய் கூடாது, பூனை கூடாது, பறவை கூடாது என்று போட்டிருந்தது. இதைத் தவிர உலகத்தில் வேறென்ன இருக்கிறது என்று அப்பா யோசித்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை கம்பிவலைக் கூண்டும் ஒரு அட்டைப்பெட்டியுமாக வந்து இறங்கினார். பெட்டிக்குள் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்திக் குட்டி. அதன் பூர்வீகம் யேமன் பக்கமாம். தலையில் சின்னக் குல்லா போல ஒரு மேடு. வெளிர் வாழைக்குருத்து நிறம். ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொரு கண் மாஸ்டரைப் பார்த்தது.

"ஓணான்!" என்றார் மாஸ்டர். "இதையா பணம் கொடுத்து வாங்குனாங்க? எங்க ஊர்ல வேலிக்கு வேலி கிடக்கு."

நித்யா அதற்குப் பிக்கிள் என்று பெயர் வைத்தாள். அவர் வாயில் அது பிக்குலு ஆனது. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஒஹையோ போய்விட்டார். திங்கட்கிழமை கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லீட்டு வந்துட்டனுங்க."

"என்னன்னுக்கா?"

"வீட்ல பச்சோந்தி வெச்சிருக்கறோம்னு. லீஸ்ல நாய், பூனை, பறவைதானுங்களே இருக்குது, இது எதுல சேரும்னு கேட்டேன். அந்தம்மா பயங்கரமாச் சிரிச்சுப்போட்டு, கடிக்குமான்னு கேட்டாங்க. இன்னும் கடிக்கலீங்க, கடிச்சா வந்து சொல்றேன்னேன்."

பச்சோந்தி வளர்ப்பது சாதாரண வேலை இல்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. சூட்டுக்கு ஒரு பல்பு. வெயிலுக்குப் பதிலாக ஒரு டியூப் லைட். அரிசி நொய் அளவுக்குக் கிரிக்கெட் என்கிற சுவர்க்கோழிப் பூச்சிக் குஞ்சுகள், அதுவும் உயிரோடு, அதுவும் கால்சியம் பவுடர் தூவி. கையில் எடுத்துக் கொஞ்சக் கூடாது. கண்ணாடி காட்டக் கூடாது, வேறொரு பச்சோந்தி வந்துவிட்டது என்று மிரண்டுபோகும். அவர் முதலில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். இரண்டு நாள் அது குடிக்கவே இல்லை. கடைக்குப் போன் செய்தார். கூண்டு வாங்கின கடையில் பாம்பு, பல்லி பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தாடிக்காரர் ஒருவர் இருந்தார்.

"சார், வாட் ஐ டிட் ஈஸ்..." என்று அவரிடம் இவர் ஆரம்பிப்பார். இங்கேயும் அதே வாக்கியம், இங்கிலீஷில்.

தேங்கிய தண்ணீர் அதன் கண்ணுக்குத் தெரியாது, இலையில் உருளும் துளியைத்தான் குடிக்கும் என்று தாடிக்காரர் சொன்னார். அன்றிலிருந்து துணி தேய்க்கும்போது தெளிக்கிற பாட்டிலை எடுத்து இலைக்கு இலை பன்னீர் தெளிப்பது போலத் தெளித்தார். ஒருநாள் கால்சியம் பவுடர் தீர்ந்துபோனதும் பூச்சிகளைத் தட்டைக்கு வைத்திருந்த அரிசிமாவில் புரட்டிப் போட்டார். அதையும் போன் செய்து சொன்னார். கூடவே, சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓணானைக் கல்லால் அடித்திருப்பதையும் சொன்னார். தாடிக்காரர் போனை எடுத்ததும் ஹலோ சொல்வதை விட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்கத் தொடங்கினாராம்.

"அவரு ஒண்ணு சொன்னாருங்ணா" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். "செத்ததத் தூக்கிட்டுக் கடைக்கு வர்றவங்க எல்லாரும், நான் எல்லாம் சரியாத்தான் பண்ணுனேன்னுதான் சொல்லுவாங்களாம். உங்குளுது பொழச்சுக்கும்னாரு."

ஒருநாள் பூச்சி டப்பா கவிழ்ந்தது. அன்று எங்கள் வீடு மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தின் எல்லா வீட்டுக் கதவுகளும் தட்டப்பட்டன. "இருநூறு கிரிக்கெட் பூச்சி தப்பிச்சுப் போச்சுங்க. உங்க வீட்டுக்கு வந்தா நாந்தான் காரணம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரம் எங்கள் குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒன்று பாடிக்கொண்டே இருந்தது. "கச்சேரி கேக்குதா?" என்று மாஸ்டர் மேலே பார்த்துக் கத்துவார். "ஸாரிங் மாஸ்டர்!" என்று பால்கனியிலிருந்து பதில் வரும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நகைச்சுவையைச் சொன்னார்கள். கட்சி மாறுகிறவனை வீட்டிலேயே வளர்க்கிறீர்களா என்று. அவர் சிரிக்க மாட்டார். "இது ஏமாத்தறதுக்கு நெறம் மாத்தறதில்லீங்க. பயந்தா கருக்கும், சந்தோசமா இருந்தா வெளுக்கும். மனசுல இருக்கறத அப்பிடியே மேல காட்டிப்போடும். பாவம், அதுக்கு மறைக்கத் தெரியாது" என்பார். சொல்லும்போது அவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்கிறோம் என்ற நினைப்பே இருக்காது.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று நடந்தது. நித்யா பேசத் தொடங்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "அம்மா, டிட் ஹி ஈட்?" என்று கீழேயிருந்து கத்துவாள். "பன்னெண்டு சாப்புட்டுது சாமி!" என்று மேலேயிருந்து பதில் போகும். பிறகு இரண்டு பேரும் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அது நாக்கை நீட்டும் கணத்துக்காக மூச்சை அடக்கிக் காத்திருப்பார்கள். அவள் இங்கிலீஷில் கேட்பாள், இவர் தமிழில் சொல்வார். பச்சோந்தியில் ஆரம்பிக்கும் பேச்சு எப்படியோ ஸ்கூலுக்கும், எவளோ ஒருத்தி பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றதற்கும் போய்விடும். "அண்ணா, இதுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சுன்னா அவ மறுக்கா டிவி முன்னால போய் உக்காந்துக்குவா" என்று அவர் சொல்லியிருக்கிறார். சுண்டுவிரல் அளவு உடம்புக்கு அது பெரிய சுமைதான்.

அந்தக் கூண்டுக்குள் இருந்த செடி என்னுடையது. இலை அடர்ந்த உயிர்ச்செடி வேண்டும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். என்னிடம் கருவேப்பிலை இரண்டு தொட்டி இருந்தது. அமெரிக்காவில் கருவேப்பிலைச் செடி வைத்திருப்பவனுக்கு என்ன மரியாதை என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மெத்தப் படித்தவர்கள்கூட ஒரு கொத்துக்காக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு தொட்டி கூண்டுக்குள் இருக்கும், இன்னொன்று கீழே வெயில் காயும். புதன்கிழமைக்குப் புதன்கிழமை நான் மாற்றி வைப்பேன்.

மே மாதம் கீழே இருந்த செடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. எனக்கு அதை இழக்க மனமில்லை. கடையிலிருந்து ஒரு மருந்து டப்பா வாங்கி வந்து திங்கட்கிழமை காலையில் இலைக்கு மேலும் கீழும் அடித்தேன். ஒரு வாரம் யாரும் பறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சமையலுக்குப் பறிக்காமல் இருப்பதைப் பற்றித்தான் நினைத்தேன். புதன்கிழமை வேலைக்கு நேரமாகிவிட்டது. வழக்கம்போலத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, கூண்டுக்குள் வைத்து, பழைய தொட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கை பழகிய வேலை. தலை அதில் இல்லை.

வியாழக்கிழமை மூன்றேகால் மணிக்குக் கதவு தட்டப்பட்டது. 

"அண்ணா, நான் என்னமோ பண்ணிப்போட்டேன்" என்றார். "என்ன பண்ணுனேன்னுதான் தெரியில."

அவர் எத்தனையோ தடவை அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார். செய்தது என்னவென்று தெரியாமல் தட்டியது அன்று மட்டும்தான்.

மேலே போய்ப் பார்த்தேன். பிக்குலு கூண்டின் அடித்தரையில் கிடந்தது. உடம்பு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. பட்டப்பகலில் இரண்டு கண்களும் மூடியிருந்தன. பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் நிலைமை மோசம் என்று எங்கள் எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. அதற்கு மேலே கருவேப்பிலை பளபளவென்று நின்றது. இலை நுனிகளில் அவர் தெளித்த தண்ணீர். அந்தத் துளியைத்தானே அது குடிக்கும்? திங்கட்கிழமை நான் மருந்தடித்த இலை அது.

அவர் ஏற்கெனவே தாடிக்காரரோடு போனில் இருந்தார். "சார், வாட் ஐ டிட் ஈஸ்..." என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். போன வெள்ளிக்கிழமை பக்கத்து அறையில் சாம்பிராணி போட்டேன். காலையில் மிளகாய் தாளித்ததில் வீடே தும்மியது. லைட்டைப் பத்து நிமிடம் தாமதமாகப் போட்டேன். நேற்று குழந்தை பள்ளிக்குப் போன பின் யாருக்கும் தெரியாமல் ஒரு விரலால் முதுகைத் தடவினேன். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் இல்லை, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இவருக்கு வியர்த்துக்கொண்டே வந்தது. பிறகு, "ஸ்ப்ரே? நோ நோ. நோ ஸ்ப்ரே இன் மை ஹவுஸ், சார்" என்றார்.

கீழேயிருந்து மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். படிக்கட்டில் பாதி இறங்கி, மெதுவான குரலில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வாயப் பொத்திக்கிட்டு வந்து சேரு" என்றார். "அந்தம்மாவுக்கே தெரியல. ஓணான்தானடா, செத்தா இன்னொண்ணு வாங்கிக்கப் போறாங்க."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இருபது வருடமாக எனக்கு அதுதான் சரி என்று பட்டிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பை பாதி கட்டினபடியே இருந்தது. ஆஸ்டினில் ஒருவன் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தான். மேலே அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "மை மிஸ்டேக் ஒன்லி, சார். சம்திங் ஐ டிட்" என்றார். செய்யாத தப்பைத் தேடித் தேடி எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டிருந்தார். அதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

திரும்ப ஏறினேன். "அக்கா, நான்தான். திங்கக்கிழம அந்தச் செடிக்குப் பூச்சி மருந்து அடிச்சேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றுகூட நினைத்தேன். அவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங். எனக்கு மருந்துப் பேரு தெரியாது."

என் இங்கிலீஷ் அடுப்படி இங்கிலீஷ். ஆர்டர் எடுக்கப் போதும், அவ்வளவுதான். போனைக் காதில் வைத்து, அவர் சொல்கிற மாதிரியே ஆரம்பித்தேன். "சார், வாட் ஐ டிட் ஈஸ்..." வேறு மாதிரி எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தாடிக்காரர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஓடிப்போய் எடுத்து வந்து, எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னேன். இருபது எழுத்து இருக்கும் ஒரே வார்த்தை. நடுவில் ஒரு எழுத்தைத் தவறவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக இருந்தார். சரி, இப்போது விஷயம் தெரிந்துவிட்டது, இனி வேலை செய்யலாம் என்றார்.

செடியை உடனே வெளியே எடுங்கள். குட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில், துளித்துளியாக, அரை மணி நேரம் கழுவுங்கள். கூண்டைத் தேய்த்துக் கழுவுங்கள். வேறு இலை வையுங்கள், பிளாஸ்டிக் இலைகூடப் போதும். வாயில் துளி விட்டுக்கொண்டே இருங்கள். காலையிலும் கண் திறக்காவிட்டால் ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் போங்கள்.

நான் கூண்டைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்த் தேய்த்தேன். அவர் உள்ளங்கையில் குட்டியை வைத்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சொட்டுக்குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் இலைக்கு எங்கே போவது? அவர் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். பிறகு, "அண்ணா, அதக் கழட்டுங்க" என்று வாசலைக் காட்டினார். வாசல் நிலையில் ஊரிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கியது. புதுவீட்டுப் பூஜைக்குக் கட்டியது. கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, கூண்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன்.

கட்டி முடிக்கும்போது கீழே பஸ் நின்றது. "அம்மா, டிட் ஹி ஈட்?" என்ற சத்தம் படியேறி வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "கண்ணு, பிக்குலுவுக்கு ஒடம்பு சரியில்ல. அந்தச் செடி ஒத்துக்கில" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். தீபாவளி ஹாலுக்கு அப்புறம் அடுத்தவர் சமாசாரத்தில் அவர் வாய் அவ்வளவுதான் போகும். தன் தப்பு என்றால் நாலு வீட்டுக் கதவைத் தட்டுவார். என்னுடையது அப்படியே என் முன்னால் கிடந்தது, நானே எடுத்துக்கொள்ளட்டும் என்பது போல.

"நான்தான் பாப்பா, அதுக்கு மருந்தடிச்சேன்" என்றேன். "மறந்துபோய் உள்ள வச்சுட்டேன்."

நித்யா பையைக்கூட இறக்கவில்லை. "யூ பாய்ஸன்ட் பிக்கிள்?"

"ஆமா."

அவள் அம்மாவின் கையிலிருந்து சொட்டுக்குழாயை வாங்கினாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "அங்கிள் ஷுட் கோ" என்றாள்.

"கோவம் இருக்கட்டும். வெளிய போன்னு சொல்லக்கூடாது சாமி" என்றார் அவர். "கூண்டு கழுவ ஆளு வேணுமல்ல?"

ஐந்து மணிக்கு நான் வேலைக்குப் போகவில்லை. முதலாளி போனில் ஏன் என்று கேட்டபோது, வயிற்றுவலி என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஒரு பச்சோந்திக்கு விஷம் வச்சுட்டேன் சார்" என்றேன். "நாளைக்காவது வருவியா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். ஒரு முதலாளியிடம் நான் சொல்லி, அப்படியே நடந்த முதல் வாக்கு அதுவாகத்தான் இருக்கும்.

காலையில் ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மாஸ்டர்தான் எழுந்து திறந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டேன்.

"மாஸ்டர், அண்ணாகிட்டச் சொல்லுங்க. ஒரு கண்ணத் தொறந்துருச்சு."

"ஒண்ணுதானா?"

"இன்னொண்ணு அவுரு வந்தாத் தொறக்குமோ என்னமோ."

மாஸ்டர் சிரித்துவிட்டார். நானும் அவருமாக மேலே போனோம். பிக்குலு பிளாஸ்டிக் மாவிலையை நாலு கால்களாலும் பிடித்துக்கொண்டு, கையுறை போட்ட கிழவனைப் போலத் தொங்கியது. காப்பிக்கொட்டை நிறம் போய்ச் சாம்பலாகி, வயிற்றுப் பக்கம் லேசான பச்சை தெரிந்தது. நித்யா பள்ளி உடையோடு தரையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள். மாவிலை நுனியில் ஒரு துளி சேர்ந்து, கனத்து, நின்றது. அது ஒரு கண்ணால் அதையே வெகுநேரம் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. "பொழச்சுக்கிச்சுடா ஓணான்" என்று மாஸ்டர் என் முதுகில் ஒரு அறை விட்டார்.

சாயங்காலம் பார்த்தால் கூண்டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கலர் பென்சிலில் நித்யா இங்கிலீஷில் எழுதியிருந்தாள். அங்கிள்களுக்கு அனுமதி இல்லை என்று அதற்கு அர்த்தம். பத்து நாள் அந்தத் தாள் இருந்தது. பத்து நாளும் நான் கதவுக்கு வெளியே நின்றுதான் விசாரித்தேன். பதினோராம் நாள் அந்த வரிக்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி இருந்தது. கை கழுவிவிட்டு வந்தால் ஒரு அங்கிள் மட்டும் வரலாம்.

மாவிலைத் தோரணம் கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. பொங்கலுக்கு வந்தவர்கள், வாசலில் இல்லாத தோரணம் கூண்டுக்குள் பச்சோந்தியோடு இருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். "செடி ஒத்துக்கலீங்க" என்றார் அவர். நான் பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டே, என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னேன். யாரும் தட்டைப் பார்க்கவில்லை. சிரித்தார்கள். ஒருவர் தன் வீட்டு மீன்தொட்டியில் ஹீட்டரை ஏற்றி வைத்து மீன்களை வேகவைத்த கதையைச் சொன்னார். அதுவரை அவர் மனைவிக்கே அது தெரியாதாம். அப்புறம் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் அப்படிச் சொல்ல ஒன்று இருந்தது.

கேட்டியில் நான் ஆறு வருடம் இருந்தேன். என் வாழ்க்கையில் ஒரே ஊரில் அவ்வளவு நாள் இருந்தது அங்கேதான். அவர்கள் எனக்கு முன்பே ஒஹையோ போய்விட்டார்கள். அதற்குள் அக்கா ஐந்தாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுத் தானே காரை ஓட்டிக்கொண்டு போனார். முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்த பிக்குலு பின்சீட்டில் கூண்டுக்குள், மாவிலையைப் பிடித்தபடி, ஒரு கண்ணால் எங்களையும் இன்னொரு கண்ணால் ரோட்டையும் பார்த்துக்கொண்டு போனது. கார் வளைவில் திரும்பும்போது ஸ்டாப் சைனில் நன்றாக நின்றது.

அதற்குப் பிறகு நானும் கிளம்பி மறுபடி நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டேன். இந்த முறை முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, கருவேப்பிலைத் தொட்டிகளை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு ரெஸ்டாரண்ட் சமையலறை. போன வாரம் புது மிக்ஸியின் ஜார் என் கையிலிருந்து விழுந்து மூடி இரண்டாகப் போனது. கடையில் யாரும் இல்லை. துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளி இருக்கும் அறைக் கதவைத் தட்டினேன்.

"என்னப்பா?"

நான் தூத்துக்குடிக்காரன். ஆனால் வாயில் வந்தது கோபிச்செட்டிபாளையம்தான்.

"நான் என்ன பண்ணிப்போட்டேன் தெரியுங்களா?"